அய்யாவு மாமாவிடம் சொன்ன நம்பர்

ஜூலை 8, செவ்வாய்

நேற்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். அய்யாவு மாமாவிடம் போனில் பேசும்போது வேனின் நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அது தேவையே இல்லை.

அவரை அழைத்தது உதவி கேட்கத்தான். லோஷினிக்கு அப்பா அம்மா இல்லை. அவளைப் படிக்க வைத்து, எனக்குக் கட்டிக் கொடுத்தது வரை எல்லாம் செய்தவர் தாய்மாமன் அய்யாவு. சிம்பாங் ரெங்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். நான் ஒன்றைச் சொன்னால் என் மனைவி யோசிப்பாள். அவர் சொன்னால் செய்துவிடுவாள். அதனால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் செனாயில், எங்கள் ஊர் விமான நிலையத்துப் பக்கம் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறாள், மூன்று வாரமாகப் போகவில்லை. தூங்குவது இல்லை. ஒரு வெள்ளை வேன் தன்னைத் தொடர்ந்து வருகிறது என்கிறாள். வாசலில் போகும் வண்டிகளின் நம்பர்களை மனப்பாடம் செய்கிறாள். அந்த வேன் நம்பரைப் பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா, "என்ன நம்பர் மாப்ள?" என்றார்.

"எது மாமா?"

"அந்த வேன் நம்பர்தான். திருப்பித் திருப்பிச் சொல்றாள்னியே."

"மூணு எட்டு ஒண்ணு ஆறு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி சரி, ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன். நீ பயந்துக்காத" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இங்கே ஒரு கார் மரத்தில் மோதினால் ஓட்டியவர் பிழைத்தாரா என்று கேட்பதற்குள் கார் நம்பரை யாராவது எடுத்துக்கொண்டு நாலு இலக்க லாட்டரி விற்கும் நாலு நம்பர் கடைக்குப் போய்விடுவார்கள். சாவு வீட்டின் கதவு எண்ணையும் விடுவதில்லை. பயந்துபோன ஒரு பெண் ஓயாமல் சொல்லும் நம்பரை மாமா விடுவாரா? நானும் இங்கே பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூலாயில் நான் போகும் மாலை வகுப்பு தொழிலிடப் பாதுகாப்பு பற்றியது. தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள் என்று விரிவுரையாளர் திருச்செல்வம் சொல்லியிருக்கிறார். பார்த்ததை ஒரு பக்கம், நினைத்ததை இன்னொரு பக்கம். வகுப்பு மலாயில்தான். ஆனால் மலாயில் எழுதினால் எனக்கு எல்லாமே தொழிற்சாலை அறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

இன்று பார்த்தது: முன்னறை ஜன்னலில் நாளிதழ் ஒட்டியிருந்தது. காலையில் வடித்த சோற்றை வாசனை சரியில்லை என்று முழுவதும் கொட்டிவிட்டாள். குழாயடியில் நின்று, "அது எனக்குத் தெரியும்" என்று இரண்டு முறை சொன்னாள். யாரிடம் பேசுகிறாய் என்றேன். "உங்ககிட்டதான்" என்றாள். அவள் முதலில் அதைச் சொன்னபோது நான் அப்போதுதான் வாசல் கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன்.

நினைத்தது: இந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஊரில் இதற்கு இருக்கும் சொல்லை அவளுக்கு நான் எழுத மாட்டேன். டாக்டர்கள் சொல்லும் சொல் எனக்குச் சரியாகத் தெரியாது.

ஜூலை 9, புதன்

வகுப்பில் இருந்தபோது மாமா அழைத்தார். வெளியே வந்து எடுத்தேன்.

"மாப்ள, விழுந்துருச்சு."

"யாரு மாமா விழுந்தா?"

"நம்பர்டா. மூணு எட்டு ஒண்ணு ஆறு. ஆறுதல் பரிசுதான், ஆனா விழுந்துருச்சுல்ல? நம்ம கடப் பையன் செல்வாவும் ஒரு சீட்டு எடுத்தான். கடையே அல்லோலகல்லோலப்படுது."

பின்னால் ஆட்கள் சிரிப்பது கேட்டது. யாரோ மாமா பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

"மாமா, லோஷிகிட்ட சொல்லாதீங்க. தயவுசெஞ்சு."

"அலமாக், அடடா, அவளுக்குத்தான் முதல்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவ வாய்க்குச் சக்கரையில்ல போடணும்."

வகுப்புக்குத் திரும்பினேன். ஆபத்தை மதிப்பிடுவது பற்றிப் பாடம். நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் சேதம் எவ்வளவு என்று கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். நான் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எல்லா விளக்கும் எரிந்தது. அவள் மாமாவின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 10, வியாழன்

ஷிப்ட் மாற்றிக்கொண்டு காலையில் அரசாங்கக் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். அவளை அழைத்துப் போகாமல் நான் மட்டும் போவது சரியா என்ற யோசனையிலேயே இரண்டு முறை காரைத் திருப்பப் பார்த்தேன்.

டாக்டர் அய்னி இளவயதுப் பெண். மலாயில் பொறுமையாகக் கேட்டார். நான் சொல்லி முடித்ததும், "உங்களுக்கு இது என்னன்னு தோணுது?" என்றார். தெரியவில்லை என்றேன். "நானும் ஆளப் பாக்காம பேர் வைக்க மாட்டேன். ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு. சீக்கிரம் வந்தா சீக்கிரம் குறையும்."

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை: வேன் பொய் என்று வாதாடக் கூடாது. உண்மை என்று ஒத்துக்கொள்ளவும் கூடாது. பயத்தைப் பற்றி, தூக்கத்தைப் பற்றிப் பேசலாம். ஏமாற்றி அழைத்து வரக் கூடாது. அவளுக்கோ மற்றவருக்கோ உயிராபத்து என்று தெரிந்தால் எந்த நேரமானாலும் நேராக அவசரப் பிரிவு.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் முதல் பாடத்திலேயே தோற்றேன்.

லோஷினி தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, சாப்பாட்டு மேசையில் எனக்காகக் காத்திருந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு. பல நாளாக நான் பார்க்காத தெளிவு. ஒரு நொடி, சரியாகிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

"நீங்க நம்பல. இப்ப என்ன சொல்றீங்க?"

"எத லோஷி?"

"நம்பருக்கு அர்த்தம் இருக்குன்னு சொன்னேன்ல. அது சும்மா ஒரு வேன்னா எப்படி விழும்?"

வகுப்பில் படித்த கணக்கைச் சொன்னேன். மொத்தம் பத்தாயிரம் நம்பர், ஒவ்வொரு குலுக்கலுக்கும் இத்தனை பரிசு, வாரத்துக்கு மூன்று குலுக்கல், அதனால் எந்த நம்பரும் விழலாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கணக்கு சரிதான்" என்றாள். "ஆனா மாமா வேற எந்த நம்பரும் எடுக்கலயே. நான் சொன்னத மட்டுந்தான எடுத்தாரு."

வாதாடக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணக்கைச் சொல்லியே இருக்கக் கூடாது.

"நம்பர் உண்மைன்னா வேனும் உண்மை" என்றாள். அதைச் சொல்லும்போதே அந்தத் தெளிவு முகத்திலிருந்து போய்விட்டது. எழுந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். "இவ்வளவு நாள் எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. நம்ம தலையிலதான் ஏதோ கோளாறோன்னு. இப்ப அதுவும் இல்ல."

அந்தச் சந்தேகம் ஒன்றுதான் அவளை டாக்டரிடம் கொண்டுபோயிருக்கும். அதை நானும் மாமாவும் சேர்ந்து எடுத்துவிட்டோம். இது நினைத்தது அல்ல, பார்த்தது. பார்த்தது என்றே எழுதுகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

மதியத்துக்கு முன்னால் மாமா வந்தார். தனியாக வரவில்லை. நாலு வண்டி. கடையில் வேலை பார்க்கும் செல்வா, மாமா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா, எனக்குத் தெரியாத சிலர். வண்டிகளை எங்கள் வாசலை ஒட்டி வரிசையாக நிறுத்தினார்கள். மாமா கையில் மஞ்சள் புடவை, எலுமிச்சம்பழம், தேங்காய், ஒரு மூட்டை அரிசி.

"சும்மா குலதெய்வத்துக்கு ஒரு தேங்கா ஒடப்போம் மாப்ள. புள்ளைக்கு அருள் வந்துருக்கு. அதப் போயி நோய்ங்கறியே."

கேட்டிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வளர்த்த பெண், அவர் வாங்கி வந்த அரிசி. அதைவிட, அவரைப் பார்த்தால் அவள் அமைதியாவாள் என்று நானே ஆசைப்பட்டேன்.

சாமி மேடைக்கு முன்னால் பாய் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். மஞ்சள் புடவையைத் தோளில் போர்த்தினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். ஜன்னலில் நாளிதழ் ஒட்டியிருந்ததால் அறை இருட்டாக, புகை வெளியே போகாமல் இருந்தது. செல்வா போனைத் திறந்து விரலைத் தயாராக வைத்திருந்தான்.

"பாப்பா, மனசுல என்ன வருதோ அதச் சொல்லு" என்றார் மாமா.

"நாலு எண்ணு போதும்கா. முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல, நான் மாத்தி மாத்திப் போட்டுக்குறேன்" என்றான் செல்வா.

"சும்மா இரு லா. அவசரப்பட்டா ஆத்தா பேச மாட்டா" என்று காளியம்மா அக்கா அவன் தொடையில் தட்டினார்.

லோஷினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து நின்ற என்னையும் பார்த்தாள். அவளுடைய கால்விரல்கள் பாயைப் பற்றிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் எதுக்கு வந்துருக்கீங்க?"

"உன்னப் பாக்கத்தான்டி தங்கம்."

"வண்டிய ஏன் வாசல்ல வரிசையா விட்டீங்க? நான் எப்படி வெளிய போறது?"

மாமா கற்பூரத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். வேகமாக, மூச்சு வாங்காமல். செல்வா தட்டிக்கொண்டே வந்தான். "மெதுவா மெதுவா" என்றார் மாமா. அடுத்த நம்பரைக் கேட்டதும், கூடவே சொல்லிக்கொண்டு வந்த அவர் உதடு நின்றது.

"அது என் வண்டி" என்றார். சிரித்தார். "டேய் செல்வா, அது என் வண்டி நம்பர்டா. அத அழி."

"தெரியும்" என்றாள் லோஷினி. கண்ணைத் திறந்திருந்தாள். "போன வாரம் இந்தத் தெருவுல ரெண்டு தடவ போச்சு. நீங்களும் அவங்க ஆளா மாமா?"

போன வாரம் மாமா சிம்பாங் ரெங்கத்தை விட்டே கிளம்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று பந்தலில் அழுத மனிதர். அந்த முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. "பாப்பா, நான் உன் மாமாம்மா" என்றார்.

அப்போது வெளியே ஒரு லாரியின் சத்தம். எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் தொழிற்பேட்டைக்குப் போகும் பெரிய சாலை இருக்கிறது. லோஷினி தலையைத் திருப்பினாள். யாரோ பேசுவதைக் கேட்பது போலக் காதைச் சாய்த்தாள். பிறகு புடவையைத் தள்ளிவிட்டு எழுந்து, செருப்புப் போடாமல், வண்டிகளுக்கு நடுவில் புகுந்து ஓடினாள்.

நான் பின்னால் ஓடினேன். நான் சாலைக்கு வந்தபோது அவள் நடுவில் நின்றிருந்தாள். தப்பித்து ஓடவில்லை. வந்துகொண்டிருந்த லாரியின் முன்பக்க நம்பர் தெரிவதற்காக லேசாகக் குனிந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிதானமாக. லாரி ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஓரத்துப் புல்லில் விழுந்தோம். லாரிக்காரர் நிறுத்தாமல் எதையோ கத்திக்கொண்டு போனார். அவளுடைய முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

முதலில் ஓடி வந்தது செல்வா. "அண்ணே, ஒண்ணும் ஆவலயே? அக்காவுக்கு அடி ஒண்ணும் இல்லயே?" என்று மூச்சு வாங்கினான். அவளைத் தூக்கி நிறுத்த உதவினான். நல்ல பையன்தான். பிறகு, என் காதருகில், "லாரி நம்பர் பாத்தீங்களாண்ணே?" என்றான்.

மாமா அவன் பின்னால் வந்துவிட்டிருந்தார். அவன் கையிலிருந்த போனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போ. எல்லாரையும் ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போ."

"மாமா, போனு..."

"போடா."

அடிபட்டால் மட்டுமல்ல, அடிபடாமல் தப்பினாலும் அறிக்கை எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அடுத்த முறை அதே இடத்தில் தப்ப முடியாமல் போகலாம் என்பதால். எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் லோஷினி படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது, உள்ளே கூர்மையான பொருள் எதுவும் இல்லை. இரண்டு முறை யோசித்து உறுதி செய்தேன். மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்தேன். உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். வர மறுத்தால் திரும்ப அழையுங்கள், போலீஸ் துணையுடன் கொண்டு வர வழி இருக்கிறது என்றார்கள். சீருடையுடன் நாலு பேர் ஒரு வேனில் வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தேன்.

மாமா வாசலில் செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"கோயிலுக்குன்னு சொல்லி ஏத்திருவோம் மாப்ள. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டா அவங்க பாத்துக்குவாங்க. நான் கூப்புட்டா ஏறுவா."

"ஏறுவா மாமா. அதுக்கப்பறம் யாரு கூப்புட்டாலும் ஏற மாட்டா."

கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் அவர் பேச்சை நான் மறுத்தது இதுதான் முதல் தடவை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கடைக்கு வந்தவனுக்கெல்லாம் சொல்லிட்டேன்டா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க பாப்பா சொல்லி விழுந்துச்சுன்னு. பெருமையா சொன்னேன்."

அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் வண்டி வாசலில் நிற்கும்வரை அவள் கதவைத் திறக்க மாட்டாள் என்பதையும் சொன்னேன். போய்விட்டார்.

பிறகு தேநீர் போட்டுக்கொண்டு அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

"லோஷி, டீ."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"நீங்க முதல்ல குடிங்க. சத்தம் கேக்கணும்."

உறிஞ்சிக் குடித்தேன். பாதி ஆனதும் கதவு திறந்தது. மீதியை அவள் குடித்தாள். முழங்காலைத் துடைத்துப் பிளாஸ்டர் ஒட்ட விட்டாள்.

"வியாழக்கெழம எங்க போனீங்க? ஷிப்ட் மாத்திக்கிட்டு."

பொய் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "கிளினிக்குக்கு. டாக்டர்கிட்ட ஒன்னப் பத்தி பேச."

"என்ன சொன்னீங்க?"

டாக்டரிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். தூக்கம், சோறு, ஜன்னல், வேன், குழாயடியில் பேசியது, மூன்று வாரமாக இப்படி இருப்பது. சொல்லச் சொல்ல அவள் என்னைவிட்டு நகர்ந்து போவாள் என்று பயந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், அடுத்தவர் கதையைக் கேட்பது போல. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"மூணு வாரம் இல்ல. அது தப்பு."

"அப்பறம்?"

"தைப்பூசத்துக்கு அப்பறமே ஆரம்பிச்சிருச்சு. வேலையில பொட்டிய ஸ்கேன் பண்ணுவோம்ல, ஒவ்வொரு தடவயும் அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி என் பேரக் கூப்புடும். முதல்ல பேரு மட்டுந்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குப் பரீட்ச இருந்துச்சு."

நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உற்றுப் பார்த்தாள்.

"நீங்களும் அவங்க ஆளா?"

"இல்ல."

"எப்படி நம்புறது?"

"தெரியல லோஷி. எனக்கே பயமா இருக்கு. மத்தியானத்துலேர்ந்து கை நடுங்குது, பாரு."

என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவங்களுக்குப் பயமே கெடையாது" என்றாள். "அப்ப நீங்க இல்ல."

தூக்கம் வருவதற்கு மருந்து கேட்கலாம், நாளைக்குக் கிளினிக்குக்கு வருகிறாயா என்றேன். இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றும் கேட்டேன். இப்போது வேண்டாம், நாளைக்கு என்றாள். நிபந்தனை போட்டாள். மாமா வண்டி பின்னால் வரக் கூடாது. என் போன் அணைந்திருக்க வேண்டும். டாக்டரிடம் நான் எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

இப்போது பாயில் படுத்துத் தூங்குகிறாள். இன்றே அழைத்துப் போயிருக்க வேண்டுமா? வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. கதவுக்குக் குறுக்கே நான் படுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஜூலை 14, திங்கள்

கிளினிக் வாசலில் கிட்டத்தட்ட எல்லாம் கெட்டுப்போனது. நான் யோசிக்காமல் விட்ட இடம் அது. நுழைந்ததும் ஒரு இயந்திரம் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் வரிசை எண் வரும். லோஷினிதான் முன்னால் நின்றாள். பழக்க தோஷத்தில் அவளே அழுத்திவிட்டாள். சீட்டு வந்தது. நாலு இலக்கம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளே ஒலிபெருக்கி வேறொரு நம்பரை அழைத்தது. அந்த நம்பர் பலகையில் சிவப்பாக மின்னியது.

"எனக்கு ஒண்ணு குடுத்துட்டாங்க" என்றாள். "இங்கதான் எல்லாம் இருக்கு. இங்கேர்ந்துதான் அனுப்புறாங்க."

திரும்பி நடந்து, காருக்குப் போய், பின்சீட்டுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டாள். நான் காரைப் பூட்டாமல், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்று, காவலாளியிடம் கெஞ்சி டாக்டர் அய்னிக்குச் சொல்லி அனுப்பினேன். வருவார் என்று நம்பவில்லை. உள்ளே அவ்வளவு கூட்டம்.

வந்தார். வெள்ளை அங்கியைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். திறந்திருந்த கார்க் கதவுக்கு வெளியே, தார் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இங்க உக்காரலாமா?" என்று மலாயில் கேட்டார்.

"உங்க வண்டி நம்பர் என்ன?" என்றாள் லோஷினி.

"எனக்கு வண்டி இல்ல. என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள்ல கொண்டாந்து எறக்கிட்டுப் போவாரு."

லோஷினி என்னைப் பார்த்துத் தமிழில், "டாக்டராம், வண்டி இல்லயாம். பாவம்" என்றாள்.

என்ன சொன்னாள் என்று டாக்டர் கேட்டார். நான் தயங்கினேன். பிறகு சொன்னேன். டாக்டர் சிரித்தார். லோஷினியும் கொஞ்சம் சிரித்தாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். ஸ்கேனர் விஷயத்தை அவளே சொன்னாள். நேற்று எதற்குச் சாலைக்குப் போனாய் என்று கேட்டபோது, "போய்ப் பாருன்னு சொன்னாங்க. பாக்கலன்னா அவருக்கு ஏதாவது ஆயிடும்னாங்க" என்று என்னைக் காட்டினாள். எனக்கு இது தெரியாது. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே காத்திருக்க வேண்டாம்" என்றார் டாக்டர், அவளிடமே, என்னிடம் அல்ல. "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். சில நாள் தங்கணும். தூங்க வைப்பாங்க, மருந்து குடுப்பாங்க. நான் இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

லோஷினி கையிலிருந்த சீட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அங்கயும் நம்பர் குடுப்பாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடுங்கள் டாக்டர் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"குடுப்பாங்க" என்றார் அவர். "கையில ஒரு பட்டை கட்டுவாங்க, அதுல உங்க பேரும் நம்பரும் இருக்கும். ஒருத்தர் மருந்த இன்னொருத்தருக்குக் குடுத்துடக் கூடாதில்ல, அதுக்கு. படுக்கைக்கும் நம்பர் இருக்கும். உங்களுக்கு அது பயமா இருக்கும்னு நான் எழுதி அனுப்புறேன்."

லோஷினி சீட்டை விரித்து, மறுபடி சுருட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரின் நெற்றியில் வியர்வை வழிந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. இவள் இறங்கி ஓடினால் எந்தப் பக்கம் மறிப்பது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மறைக்காம சொல்லுறாங்க" என்றாள் கடைசியில், தமிழில். கீழேயிருந்து எழுந்து கார் இருக்கையில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து அவளே மாட்டினாள். "போலாம். பின்னாடி யாரும் வராங்களான்னு நான் பாத்துக்குறேன், நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியெல்லாம் அவள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு முறை வேகமாகப் போகச் சொன்னாள். போகவில்லை, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவசரப் பிரிவில் மாலை வரை காத்திருந்தோம். சேர்க்கைத் தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். தாதி கையில் பட்டை கட்டியதும் நம்பர் இருந்த பக்கத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிவிட்டுக்கொண்டாள். தாதி பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டார்.

வார்டு கதவுக்கு அந்தப் பக்கம் போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சரி என்றுதான் வந்தாள். ஆனால் எதற்குச் சரி என்றாள் என்பது எனக்கு முழுதாகத் தெரியவில்லை. தனக்கு நோய் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்றுகூட வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்ததும் மாமா அழைத்தார்.

"சேத்துட்டியா?"

"சேத்தாச்சு மாமா. அவளே கையெழுத்துப் போட்டா."

"நான் வரட்டா?"

"இப்ப வேணாம். அவ கேக்கட்டும், அப்ப கூப்புடுறேன்."

"சரி." ஆனால் வைக்கவில்லை. "கடையச் சாத்திட்டேன் மாப்ள. காலையிலேர்ந்து பாப்பா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு ஆள் மேல ஆளு."

"என்ன சொன்னீங்க?"

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போகுதுன்னேன். ஒருத்தன் எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறான்."

"சொல்லலயே?"

"இல்ல. சொல்ல மாட்டேன்."

நம்பிக்கை வந்தது, முழுதாக இல்லை. ஆனாலும் அவரிடம் எந்த வார்டு என்று நானும் சொல்லவில்லை.

நாளை: பார்வையாளர் நேரம் மதியம் தொடங்குகிறது. காலையில் தொழிற்சாலைக்குப் போய் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுடைய கிடங்கு மேலாளரிடம் சேர்க்கைக் கடிதத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். வார்டில் கயிறு கூடாது என்றார்கள்; கயிறு இல்லாத கால்சட்டை இரண்டு, ரப்பர் செருப்பு, பல்துலக்கி வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குச் செனாயிலிருந்து கிளம்ப வேண்டும்.